வட்டை விதானை மூத்த மகளுக்குக் கட்டிய வீடு

முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்கி இதைப் படிக்கிற என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளம்பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயனில்லை. நான் வாயைத் திறந்தால் போதும், "திரும்பவும் அந்த அகதிக் கதையா உம்மா?" என்று என் மூத்த மகள் போனைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கே அந்தக் கதை அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று அதைத் திரும்பக் கிளறிவிட்டது. அதைச் சொல்வதென்றால், கச்சான் காற்று வீசிய ஒரு காலத்தில் நாங்கள் ஊரை விட்டு ஓடிவந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் யாரும் தப்பித்தவறிப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்க வேண்டும், அவள் பேருக்கே எழுத வேண்டும். பெண் அழகா, ஓதினவளா, பொறுமைசாலியா என்று கேட்பதெல்லாம் பிறகு. வீடு எங்கே என்பதுதான் முதல் கேள்வி. மூன்று பெண்களைப் பெற்றவன் மூன்று வீடு கட்டி முடிப்பதற்குள் முதுகு வளைந்துவிடும். நம் ஆண்கள் பாதிப்பேர் அப்படித்தான் வளைந்தார்கள்.

என் வாப்பா பிறந்தது கல்முனைக்குடியில். உம்மாவைக் கலியாணம் முடித்து, வழமைப்படி உம்மாவின் ஊருக்குப் போய்க் குடியேறினார். அந்த ஊரின் பேரைச் சொன்னால் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மேற்கே, வயல்வெளிகளுக்கு நடுவில், ஒரு பள்ளிவாசலும் ஒரு தேத்தண்ணீர்க் கடையும் கொஞ்சம் வீடுகளும். கடலைப் பார்த்து வளர்ந்த மனிதர் அங்கே போய் வெள்ளாமையைப் படித்து, கடைசியில் வட்டை விதானையும் ஆனார். வாய்க்கால் தண்ணீரை வயல்காரர்களுக்கு முறைவைத்துப் பிரித்துவிடுகிற வேலை அது. உம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட முறை தப்பி மடை திறக்காதவர் என்று வாப்பாவுக்குப் பெரிய பேர். "விதானையார் பிரிச்சா தராசு தேவை இல்ல" என்று பக்கத்து ஊர்த் தமிழ் ஆட்களும் சொல்வார்கள். அதைக் கேட்டால் வாப்பா தாடியை மட்டும் தடவிக்கொள்வார்.

நாங்கள் இரண்டு பெண்கள். என் அக்கா, ராத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குப் பதினொன்று. வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, கல்முனைக்குடியில் தாய் வீட்டிலேயே இருந்தார். அவருடைய மகன்தான் மச்சான். பசாரில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து வெட்டுகிற வேலை. ராத்தாவுக்கு மச்சான்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தாயிற்று. அதற்காகத்தான் எங்கள் பழைய மண்வீடு நின்ற அதே வளவில் வாப்பா ஒரு கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். நெல் விற்ற காசெல்லாம் அந்தச் சுவருக்குள்தான் போனது. பெருநாளைக்கு எங்களுக்குப் புதுச் சட்டை இல்லாத வருஷமும் உண்டு.

சமைக்கிற குசினியின் யன்னலை வயலைப் பார்க்க வைக்கச் சொல்லி ராத்தா ஒற்றைக்காலில் நின்றாள்.

"மேற்கு வெயில் நெத்தியில அடிக்கும் புள்ள" என்றார் மேசன்.

"அடிச்சா அடிக்கட்டும். நான்தானே அதில நிக்கப்போறன்."

மத்தியானங்களில் நானும் அவளும் அந்தப் புதுச் சீமெந்துத் தரையில் போய்ப் படுத்துக்கிடப்போம். அந்த ஈரச் சீமெந்து மணம் எனக்குக் கொள்ளை ஆசை. ராத்தா கையை நீட்டி நீட்டி ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்வாள். "இதில அலுமாரி. இதில மச்சான்ட கதிரை. இந்த மூலையில நீ வந்தா படுக்கிற பாய்." எனக்கு மட்டும் ஏன் பாய், கட்டில் இல்லையா என்று சண்டை பிடிப்பேன். "உனக்குக் கட்டில் உன்ட வீட்டில" என்று சிரிப்பாள். புது வீடு மூத்தவளுக்கு, உம்மாவின் பழைய மண்வீடு கடைசியில் சின்னவளுக்கு என்று வாப்பா ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார். கூரை போட்ட கையோடு கல்வீட்டை ராத்தாவின் பேருக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். கலியாணத்துக்கு நாள் குறிப்பதுதான் மிச்சம்.

நாட்டுச் சண்டை எங்கள் வயல் பக்கமும் வந்து, துவக்குகள் பேசத் தொடங்கியபோது மனிதர்களின் பேச்சு நின்றுபோனது. யார் யாரைச் சுட்டார்கள் என்று இப்போது நான் சொல்ல வரவில்லை, எல்லாப் பக்கமும் மையித்து விழுந்தது. ஒரு நாள் காலையில் பக்கத்து ஊர் வயல் முதலாளி, தமிழ்ப் போடியார், சைக்கிளில் வந்து, வளவுக்குள் ஏறாமலே, "விதானையார், இண்டைக்கே வெளிக்கிடுங்க. நாளைக்கு எண்டு வைக்காதீங்க" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வழிந்தது. பிறகு அவரும் அந்த ஊரில் இருக்க முடியாமல் திருக்கோவில் பக்கம் போய், அங்கேயே செத்துப்போனார் என்று கேள்விப்பட்டோம்.

மத்தியானத்துக்குள் உழவு மெசின் பெட்டியில் ஏறிவிட்டோம். அவசரத்தில் எங்கள் ஆட்கள் எடுத்த சாமான்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், அழுகையும் வரும். வாப்பா மண்வெட்டியை எடுத்தார். உம்மா மா இடிக்கிற உலக்கையை எடுத்தார். வழி முழுக்க அந்த உலக்கை பெட்டிக்குள் உருண்டு உருண்டு எங்கள் கால்களை நசித்தது.

"உரல் இல்லாம உலக்கை என்னத்துக்கு உம்மா?" என்று நான் அழுதேன்.

"உரல் பாரம் மகள். ரெண்டு கிழமையில திரும்பி வரக்குள்ள அது அங்கதானே இரிக்கும்."

ராத்தா எடுத்தது ஒரு துணிக்கட்டு. புது வீட்டு யன்னல்களுக்கு என்று மச்சான் கடையிலிருந்து அனுப்பிய திரைத்துணி, பச்சையில் வெள்ளைப் பூப்போட்டது. இன்னும் தைக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, வயல் மறையும்வரை பின்னுக்குப் பார்த்தபடியே வந்தாள்.

மாமி எங்களைக் கடப்படியில் நின்று கட்டிப்பிடித்தார். "வாங்க காக்கா, இது உங்கட உம்மாட வீடுதானே" என்று தன் அண்ணனை அழைத்தார். ஆனால் நம் வழமையில் கலியாணம் முடித்துப் போன ஆண்பிள்ளை தாய் வீட்டுக்கு விருந்தாளிதான். வாப்பா பிறந்து தவழ்ந்த வீட்டில் கதிரை நுனியில் உட்கார்ந்தார். முதல் அகப்பைச் சோற்றிலேயே "போதும்" என்றார். தேத்தண்ணீர் கேட்கவும் கூச்சப்பட்டு, உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். ஒரு வட்டை வயலுக்கே தண்ணீர் பிரித்த மனிதர், தங்கச்சி வீட்டுக் கிணற்றில் இரண்டு வாளிக்கு மேல் அள்ளிக் குளிக்கமாட்டார். உப்புத் தண்ணீர் என்று சாட்டு வேறு சொல்வார்.

கடற்கரை வீடு. காலில் எப்போதும் மணல், மூக்கில் எப்போதும் காய்கிற கருவாடு. இரவில் கடல் இரைகிற இரைச்சலில் எங்களுக்குக் கண் மூடவே மூடாது. ஆனால் மாமிக்கு இருந்த பெரிய இடைஞ்சல் அதுவல்ல. பேசிவைத்த பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டார்களே! "நிக்காஹ்வுக்கு முந்தி ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்க கிடந்தா ஊர் வாயை ஆர் தைக்கிற?" என்று மாமி மச்சானைக் கடையிலேயே படுக்கச் சொல்லிவிட்டார். அவர் மத்தியானச் சோற்றுக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். நடு அறையில் ஒரு கயிற்றைக் கட்டி, ராத்தா கொண்டுவந்த அந்தப் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் சாப்பாட்டுப் பாய்.

மச்சான் வந்து உட்கார்ந்தால் என்னிடம்தான் கதைப்பார். ஆனால் சந்தையில் கூவுகிறவர் மாதிரிச் சத்தமாகக் கதைப்பார்.

"புள்ள, உங்கட ராத்தாக்குக் கடல் சத்தத்தில நித்திரை வருதாமா?"

"வரல்லையாம் எண்டு சொல்லு" என்று திரைக்குள்ளிருந்து வரும்.

"போகப் போகப் பழகுமாம் எண்டு சொல்லு."

"வயல்ல தவளைச் சத்தம் இதைவிட நல்லமாம் எண்டு சொல்லு."

நான் ஒன்றும் சொல்லத் தேவையே இல்லை. பல்லிளித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மச்சான் சோற்றைப் பிசைந்தபடி, "மீனாணம் நல்லா இரிக்கே, ஆர் ஆக்கின?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் மாமி. "உங்கட கை எனக்குத் தெரியும் உம்மா, இது வேற கை" என்றார் மச்சான். திரைக்குப் பின்னால் ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் அந்தத் துணி முழுக்க ஆடியது. மாமியும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நாங்கள் அகதிகள் என்பதை மறந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் என்று வந்தது இரண்டு மாதமானது. ஊருக்குப் போகிற பாதை திறக்கவில்லை. எங்களைப் போல ஓடிவந்த குடும்பங்களுக்கு இரக்கப்பட்டு, பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மார் ஊரின் மேற்குப் பக்கம் சதுப்பை மண்போட்டு நிரவி, குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமி பேச்சை எடுத்தார்.

"காக்கா, இந்தத் துண்டை மூத்தவட பேருக்குக் குடுங்க. கிடுகால ரெண்டு அறை வேய்ஞ்சாலும் காணும். என்ட மகன் வந்து குடியிருப்பான். இந்த மாசத்துக்குள்ள நிக்காஹ்வை முடிச்சிருவம்."

வாப்பா விரல் விரலாகக் கை கழுவினார். "மூத்தவளுக்கு வீடு குடுத்து முடிஞ்சி தங்கச்சி."

"எங்க இரிக்கு அந்த வீடு?"

"கட்டின இடத்தில இரிக்கு."

"அங்க ஆர் போற? என்ட மகன் போய் ஆரோட குடியிருக்கிற? குரங்கோடயா?"

"பாதை துறந்தா போறதுதானே. கல்வீடு, நிக்கும். சின்னவளுக்கு வெச்ச மண்வீடுதான் இந்த மாரியோட கரைஞ்சிரும். அப்ப அவளுக்கு ஒண்டும் இல்ல. இந்தத் துண்டு அவளுக்குத்தான்" என்றார் வாப்பா. குரல் உயரவே இல்லை. வாய்க்கால் கட்டில் நின்று வழக்குத் தீர்க்கிற குரல் அது. "ஒரு வயலுக்கு ரெண்டு தரம் மடை துறந்தா அடுத்த வயல்காரன் எங்க போற? நான் அப்பிடிச் செஞ்ச ஆள் இல்ல."

"அல்லாவே! இது வயல் இல்ல காக்கா, புள்ளைகள்! சின்னவளுக்கு என்ன வயசு? அவள் இப்ப மாப்பிள்ளை கேட்டு அழுறாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் ஒரு கருவாட்டுத் துண்டு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "எனக்கு வீடு வேணாம் வாப்பா. ராத்தாக்குக் குடுங்க" என்றேன். மனதாரச் சொன்னேன். வாப்பா சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவி, "இப்ப அப்பிடித்தான் சொல்லுவாய். நாளைக்கு நீ என்ட கழுத்தில பிடிச்சுக் கேப்பாய்" என்றார். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு உண்டு என்று யார் அந்தக் காலத்தில் நினைத்தார்கள்! அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

உம்மா வாய் திறக்கவில்லை. உம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும் என்று கன காலம் உம்மாவோடும் எனக்குக் கோபம். நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன். "இஞ்ச ஒரு வீடு எழும்பினா உங்கட வாப்பா திரும்பிப் போவாரா? இது அவர் பொறந்த ஊர். என்ட ஊர் அங்க மகள்" என்றார் உம்மா. வாப்பாவுக்கு நீதி, உம்மாவுக்கு ஊர். நடுவில் கிடந்தது ராத்தா.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். "ராத்தா, நான் வேணாமெண்டுதான் சொன்னேன்" என்றேன். "தெரியும்டி. போய் விளையாடு" என்றாள்.

மாமி பொறுத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் சண்டை சற்று ஓய்ந்தபோது, வாப்பாவும் ஊர் ஆண்கள் சிலரும் வயலைப் பார்க்க ஒரு லொறியில் போனார்கள். பின்னேரம் திரும்பி வந்த வாப்பா, சால்வையை உதறிவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வீடு அப்பிடியே நிக்குது. குசினி யன்னலும் இரிக்கு. மாரி முடிய எல்லாரும் போகலாம்." மாமி பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் மாரி முடியும்வரை பார்ப்போம் என்றார். அன்றைக்கு ராத்தா இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பச்சைத் துணியை எடுத்து, யன்னல் அளவுக்கு எப்படி வெட்டலாம் என்று சாணால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கயிற்றில் போட்டாள்.

வாப்பா மௌத்தாகி, அடக்கிப் பல வருஷங்களுக்குப் பிறகு, அன்று கூடப்போன ஒருவர் எனக்குச் சொன்னார். சோதனைச் சாவடிக்கு அங்கால் அவர்களை விடவே இல்லையாம். வாப்பா ரோட்டோரம் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தாராம். தண்ணீரில் ஒரு சாண் பொய் சொல்லாத மனிதர் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். எதை நம்பி மாமி காத்திருந்தாரோ, எதை நம்பி ராத்தா துணி அளந்தாளோ, அது வாப்பா கண்ணால் காணாத யன்னல்.

மாரி முடிந்தது, பாதை திறக்கவில்லை. மச்சானுக்குக் கீழே ஒரு தங்கச்சி வளர்ந்து நின்றாள். மச்சானின் காரியம் முடியாமல் அவளுக்குப் பேச முடியாது என்று மாமியின் வீட்டுக்காரர், மச்சானின் வாப்பா, சத்தம் போடத் தொடங்கினார். கடை முதலாளியின் தங்கச்சி மகள் ஒருத்திக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடும் கிணறும் தயாராக இருந்தன. மாமி எங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் நடமாடத் தொடங்கியபோதே உம்மாவுக்கு விளங்கிவிட்டது.

கடைசியாக மச்சான் சாப்பிட வந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோற்றில் கை வைக்காமல், முதல் தரமாகச் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார். "நான் இன்னும் காத்திருக்கலாம். ராத்தா என்ன சொல்றா எண்டு கேளு புள்ள."

திரையின் ஓரத்தை அந்தப் பக்கமிருந்து ஒரு கை இழுத்து நேராக்கியது. பிறகு, "வாப்பா சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லையெண்டு சொல்லு" என்று வந்தது.

மச்சான் கேட்காதவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நான் அந்த வார்த்தையை வாயால் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் எழும்பிக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மச்சானின் கலியாணத்தன்று அந்த வீடு நிறைய ஆட்கள். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து கொண்டுபோகிற நேரம் பெண்கள் குரவை போட்டார்கள். ராத்தா அடுப்படியில் நின்று வட்டிலப்பம் அவித்தாள். அவளும் குரவை போட்டாளா என்று கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் போன பிறகு மாமி அடுப்படிக்கு ஓடிவந்து, அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார். "எனக்கு வேற வழி இல்ல புள்ள. உன்னைத்தான் நான் மருமகளா நினைச்ச. என்னைச் சபிச்சிராத."

"சோறு ஆறுது மாமி. காலத்தால இருந்து ஒண்டும் தின்னல்ல நீங்க. வந்து தின்னுங்க" என்றாள் ராத்தா.

இனி திரை போட்டு மறைக்க அந்த வீட்டில் மாப்பிள்ளை இல்லை. அடுத்த நாள் உம்மா திரையைக் கழற்றித் தலையணை உறை தைத்தார். மூன்றோ நாலோ வந்தது. வெளுத்து வெளுத்து அவை எந்த வருஷம் கந்தலாகின என்று எனக்குத் தெரியாது.

மிச்சக் கதை உங்கள் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். சதுப்பு நிலத்தில் கிடுகு வீடு எழும்பி, பிறகு கல்லானது. அதற்கு என் பேர் எழுதப்பட்டது. எனக்கு மாப்பிள்ளை வந்தார், நல்ல மனிதர்தான். ராத்தா என் வீட்டின் பின்னறையில் இருந்தாள். என் பிள்ளைகள் இரண்டையும் கால்நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டியது அவள்தான். அவளுக்கும் சம்பந்தம் பேசி ஆட்கள் வந்தார்கள். "புள்ளைக்கு வீடு இரிக்கா?" என்பார்கள். "இரிக்கு" என்பார் வாப்பா, தலை நிமிர்ந்து. "எங்க?" என்பார்கள். வாப்பா ஊர்ப் பேரைச் சொன்னதும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். கொஞ்ச வருஷத்தில் வருவதும் நின்றது. வாப்பா மௌத்தானார். கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருஷம் மாமியின் வீடு இருந்த இடமே தெரியாமல் போனது. மாமி உயிர் தப்பி, மகளோடு இருந்து, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த வருஷம் உம்மாவும் போய்விட்டார்.

சண்டை முடிந்து பாதை திறந்தபோது நானும் ராத்தாவும் என் வீட்டுக்காரரும் போனோம். மண்வீடு இருந்த இடத்தில் புல். கல்வீடு நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் சட்டங்களை எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். நடு அறையில் ஒரு வேப்பமரம் நிமிர்ந்து நின்றது. ஆனால் சுவர் நின்றது, வாப்பா சொன்ன மாதிரியே. நான் அந்தச் சுவரில் தலையை வைத்து ஒப்பாரி வைத்தேன். ராத்தா போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, "தண்ணி இரிக்கு" என்றாள்.

மீளக் குடியேறுகிறவர்களுக்கு வீட்டைத் திருத்த உதவி கொடுத்தார்கள். பதிவுக்கு வந்த உத்தியோகத்தர் சின்னப் பெடியன்.

"குடும்பத்தில எத்தின பேர்?"

"ஒராள்" என்றாள் ராத்தா.

"மத்த ஆக்கள் வரல்லையா?"

"மத்த ஆக்களுக்கு வீடு இரிக்கு தம்பி."

நாங்கள் எல்லாரும் தடுத்தோம். தனிப் பெண், காட்டுப் பக்கம், யானை வருகிற இடம், ஊர் என்ன சொல்லும் என்றோம். அவள் கேட்டுக்கொண்டே உடுப்புகளை மடித்தாள். போய் இருந்துகொண்டாள். வேப்பமரத்தை வெட்டிக் கதவுக்குப் பலகை அறுத்தாள். ஆடு வளர்த்தாள், சுற்றியுள்ள பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தாள். நான் மாதத்துக்கு ஒரு தரம் போவேன். எங்கள் வீட்டில் இருந்தபோது கேட்டால் மட்டும் பேசுகிறவள், அங்கே நான் முச்சக்கரவண்டியிலிருந்து இறங்க முதலே கதைக்கத் தொடங்கிவிடுவாள்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். மூத்த மகளின் கலியாணத்தோடு என் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் பின்னறைக்குள் வந்துவிட்டோம். என் சின்ன மகளுக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. பெடியனை அவளுக்குப் பிடித்தும்விட்டது. ஆனால் அவளுக்கு என்று எங்களிடம் ஒரு கூரை இல்லை. மாப்பிள்ளையின் தாய் மிகவும் பதமாகச் சொன்னார்: "உங்கட ராத்தாட வீடு சும்மாதானே கிடக்கு. இப்ப அந்தப் பக்கம் காபட் ரோட்டும் வந்திட்டு. அவவுக்குப் புள்ளை குட்டியும் இல்ல. அதைச் சின்னவட பேருக்கு எழுதினா ஹஜ்ஜுப் பெருநாளோட முடிச்சிரலாம்."

"ராத்தா மாட்டனெண்டு சொல்லமாட்டா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் எதற்கு இல்லையென்று சொல்லியிருக்கிறாள்? அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

போனேன். ஆட்டுப்பால் தேத்தண்ணீர் தந்தாள், சோறு தந்தாள், வெட்டி வைத்த வாழைக்குலையைக் காட்டினாள். நான் வாழைக்குலையையே திரும்பத் திரும்பப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

"என்னமோ கேக்க வந்திரிக்காய். கேள்" என்றாள்.

கேட்டேன். தலை குனிந்தபடியே, மகளின் பேரைச் சொல்லி, பெருநாளைச் சொல்லி, நீ எங்களோடயே வந்து இருக்கலாம் என்றும் சொல்லி முடித்தேன்.

"இல்ல தங்கச்சி" என்றாள் ராத்தா. "நான் குடுக்கமாட்டன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவளில எனக்கு இரக்கம் இல்லையெண்டு நினைக்காத. அவள் என்ட கையில வளந்தவள். நான் மௌத்தான பொறகு மார்க்கப்படி ஆருக்குச் சேருமோ சேரட்டும். ஆனா உசிரோட இரிக்கக்குள்ள இதில இருந்து என்னை எழுப்பாதீங்க. எல்லாரும் எனக்கு வீடு இரிக்கு, வீடு இரிக்கு எண்டு சொல்லிச் சொல்லியே என்னை நடுத்தெருவில வெச்ச. இப்பதான் நான் அதுக்க வந்திரிக்கன். எனக்கு இன்னும் ஆசை தீரல்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். அந்தப் பிள்ளையை நினைத்துக் கவலை வந்தது பிறகுதான். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்து அவள் நெற்றியில் விழுந்தது. நேரமாகிறது, யானை இறங்க முதல் போ என்று அவள்தான் என்னை எழுப்பி விட்டாள்.

முச்சக்கரவண்டி பெரிய ரோட்டில் ஏறியதும் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய். போன காரியம் என்ன ஆயிற்று, அந்த வீட்டை எழுதலாமா என்று கேட்டார்.

"ஏலாது. அந்த வீட்டில ஆள் இரிக்கு" என்றேன்.

"ஆர்? வாடகைக்கு விட்டிரிக்காவா?"

"இல்ல" என்றேன். "வீட்டுக்காரி."